வாழ்நாள் வரியும் பன்னிரண்டு மாதமும்

வழியில் நின்று வரி கொள்வது நேற்று முளைத்த வழக்கம் அன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏறும் பண்டத்துக்கும் இறங்கும் பண்டத்துக்கும் புலி இலச்சினை பொறித்துச் சுங்கம் கொண்ட அலுவலரைப் பட்டினப்பாலை நமக்குக் காட்டுகிறது. மிளகுப் பொதி சுமந்த கழுதைகளோடு வணிகச் சாத்துகள் சென்ற பெருவழிகளில் உல்கு கொண்டதையும், வில்லேந்திய வீரர் அவ்வழிகளைக் காத்து நின்றதையும் பெரும்பாணாற்றுப்படை கூறுகிறது. அரசனுக்குரிய பொருளை வகைப்படுத்திய வள்ளுவரும் உல்குபொருளை அவற்றுள் ஒன்றாக வைத்தார். முதற் குலோத்துங்கன் சுங்கத்தை நீக்கி, ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர் பெற்றான். வரி விதித்ததற்காக எந்த மன்னனையும் மக்கள் பெயர் சூட்டிப் பாராட்டுவதில்லை. நீக்கியவனைத்தான் ஒன்பது நூற்றாண்டு கடந்தும் நினைவில் வைத்திருக்கிறோம்.

பெங்களூரில் வாழும் நமக்கு அந்தப் பழைய சாவடி அத்திப்பள்ளியில் இருக்கிறது. ஓசூர்ச் சாலையில், ஆனேக்கல் வட்டத்தின் விளிம்பில் அத்திப்பள்ளி, அதைத் தாண்டினால் தமிழ்நாட்டின் ஜூஜூவாடி, அடுத்தது ஓசூர். இடையே ஆறும் இல்லை, மலையும் இல்லை. மைசூர் சமஸ்தானத்தையும் சென்னை மாகாணத்தையும் முன்னாளில் பிரித்த எல்லை, 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியே திருத்தி அமைக்கப்பட்டபோதும் அங்கேயே நின்றது. ஓசூர் முதலில் சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1965-இல் தருமபுரி மாவட்டத்துக்குப் போயிற்று. 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டமாயிற்று. மூன்று மாவட்டங்களைக் கண்ட ஊரில் மாநில எல்லை மட்டும் அசையவில்லை. அவ்வெல்லையின் இருபுறமும் தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசுவோர் கலந்தே வாழ்கின்றனர். கடையில் கேட்கும் மொழியும் வயலில் விளையும் பயிரும் ஒன்றுதான். வேறுபடுவது, வீட்டு வாசல்களில் நிற்கும் வண்டிகளின் எண் பலகையில் முதலில் வரும் இரண்டெழுத்து.

அந்த இரண்டெழுத்து இன்றைய வடிவில் நமக்கு வந்தது 1989-ஆம் ஆண்டில். 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்துக்கு மாற்றாக 1988-இல் இயற்றப்பட்ட சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் தமிழ்நாட்டுக்கு டி.என். என்றும், கர்நாடகத்துக்குக் கே.ஏ. என்றும், கேரளத்துக்குக் கே.எல். என்றும் குறியீடுகள் வழங்கலாயின. ஒரு வண்டி எந்த அரசின் கணக்கேட்டில் இருக்கிறது என்பதைச் சாலையில் நிற்கும் காவலர் தொலைவிலிருந்தே அறிய அவ்விரண்டு எழுத்துகள் போதும்.

ஒரு நாட்டுக்குள் ஏன் இத்தனை கணக்கேடுகள் என்று கேட்போர் உண்டு. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலங்களுக்குரிய பட்டியலின் 57-ஆம் இனம், சாலையில் ஓடும் வண்டிகளுக்கு வரி விதிக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு அளிக்கிறது. அந்த வரிக்கான பொதுக் கொள்கைகளை வகுக்கும் அதிகாரமோ பொதுப் பட்டியலின் 35-ஆம் இனத்தில் இருக்கிறது. ஆகவே வண்டிகளைப் பற்றிய சட்டம் நாடு முழுமைக்கும் ஒன்று. வரிச் சட்டமோ மாநிலத்துக்கு ஒன்று. கர்நாடகத்தில் நடப்பது 1957-ஆம் ஆண்டு வரிச் சட்டம். தமிழ்நாட்டில் நடப்பது 1974-ஆம் ஆண்டு வரிச் சட்டம்.

வணிகமும் போக்குவரத்தும் நாடெங்கும் தடையின்றி நடக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 301-ஆம் பிரிவு சொல்கிறதே, எல்லையில் வரி கேட்பது அதற்கு மாறாகாதா என்ற வினா விடுதலை பெற்ற சில ஆண்டுகளிலேயே எழுந்துவிட்டது. அஜ்மீர் அந்நாளில் தனி மாநிலம். அங்கிருந்து புறப்பட்டு ராஜஸ்தான் மண்ணிலும் ஓடிய பேருந்துகளுக்கு ராஜஸ்தான் அரசு வரி கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1962-இல் வந்த தீர்ப்பு, சாலையைப் போட்டுப் பேணும் செலவுக்கு ஈடாகக் கேட்கும் வரி தடை ஆகாது என்றது. ஏழு நீதிபதிகளில் நால்வர் ஒரு பக்கம், மூவர் மறுபக்கம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நிலவிய இந்த ‘ஈட்டு வரி’க் கொள்கையை 2016 நவம்பரில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த ஆயம் கைவிட்டது. வரி என்றாலே தடை என்று கொள்ள வேண்டியதில்லை. மாநிலங்களிடையே பாகுபாடு காட்டும் வரியே கூடாது என்பது அப்பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம். சட்டம் பயின்றோருக்கு இவ்வேறுபாடு பெரிது. அத்திப்பள்ளியில் நிற்கும் ஓட்டுநருக்கோ இரண்டு தீர்ப்பின்கீழும் பணம் கட்டுவது ஒன்றுதான்.

வாடகைக் கார்களின் பாட்டை நம்மில் பலர் நேரிற் கண்டிருப்போம். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ குடும்பத்தோடு கார் பிடித்து ஊருக்குப் புறப்பட்டால், எல்லையில் ஓட்டுநர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, பதிவுச் சான்று, காப்பீடு, தகுதிச் சான்று, பெர்மிட், புகைச் சான்று எல்லாம் அடங்கிய உறையை எடுத்துக்கொண்டு வரி கட்டும் வரிசைக்குப் போவார். குழந்தைகள் வண்டியில் உறங்கிக்கொண்டிருக்கும். வெளியூர் வண்டி சில நாள் ஓடுவதற்கான வரியைக் கட்டிச் சீட்டோடு திரும்பினால்தான் பயணம் தொடரும். சுற்றுலா வண்டிகளுக்கு நாடு முழுமைக்கும் ஒரே பெர்மிட், ஒரே கட்டணம் என்ற ஏற்பாட்டை நடுவணரசு 2021-இல் கொண்டுவந்து, 2023-இல் விதிகளைத் திருத்தியது. வசதிதான்; ஆயினும் அதிலும் சிக்கல் வந்தது. நம்மை இங்கிருந்து தென்மாவட்டங்களுக்கு ஏற்றிச் செல்லும் ஆம்னி பேருந்துகள் சிலவற்றில் நாகாலாந்தின் என்.எல். எழுத்துகளைக் கண்டு நீங்கள் வியந்திருக்கலாம். அப்பேருந்துகள் நாகாலாந்து மலைகளைக் கண்டவை அல்ல. வரி குறைந்த இடத்தில் பதிவு பெற்றவை. வெளிமாநிலப் பதிவோடு தமிழ்நாட்டுக்குள் ஆம்னி பேருந்துகளை ஓட்டக்கூடாது என்று தமிழ்நாட்டு அரசு 2024 ஜூனில் கண்டிப்புக் காட்டியபோது, ஊருக்குச் சீட்டு எடுத்திருந்த பலர் கலங்கினர்.

சரக்கு லாரிகளின் கதை இதனினும் நீண்டது. விற்பனை வரிச் சோதனைக்காக எல்லையில் மைல் கணக்கில் லாரிகள் நின்ற காலம் ஒன்று இருந்தது. 2017 ஜூலை 1-இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் அந்தச் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டன. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்குக்கு மின்வழிச் சீட்டு வந்தது. ஆனால் அது சரக்குக்கான வரி. வண்டிக்கான வரி அதனோடு சேரவில்லை. போக்குவரத்துத் துறையின் சாவடிகள் வேறு. அவற்றைக் குஜராத் 2019-இல் நீக்கியது, மத்தியப் பிரதேசம் 2024-இல் நீக்கியது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றும் தன் தன் வேகத்தில் நடக்கின்றன.

இவையெல்லாம் வாடகைக்கும் வணிகத்துக்கும் ஓடும் வண்டிகளின் செய்தி. நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு உரியது சொந்தக் கார். அதைப் பற்றிச் சட்டம் சொல்வதைத் தெளிவாக அறிந்துகொள்வது நல்லது. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 46-ஆம் பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி இந்தியா முழுவதும் செல்லும். வேறெங்கும் மீண்டும் பதிய வேண்டியதில்லை. அடுத்த 47-ஆம் பிரிவு அதற்கு ஒரு வரம்பு கட்டுகிறது: பதிவான மாநிலம் அல்லாத வேறொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், அம்மாநிலத்துப் பதிவெண் பெற வேண்டும். சுருங்கச் சொன்னால், விருந்தாளியாக வந்த வண்டிக்கு ஓராண்டு இடம் உண்டு. அதன்பின் அது குடியேறிய வண்டி.

மனிதருக்கு இப்படி ஒரு சட்டம் இல்லை. நாடெங்கும் சென்று வரவும், எங்கும் குடியிருக்கவும் 19-ஆம் பிரிவு நமக்கு உரிமை தந்திருக்கிறது. பன்னிரண்டு மாதம் முடிந்ததும் யாரும் வந்து, “நீர் இவ்வூராரா, அவ்வூராரா?” என்று கேட்பதில்லை. அதனால்தான் நம்மில் பலர் முப்பது ஆண்டு இங்கே வாழ்ந்தும், “ஊருக்குத் திரும்பிவிடுவோம்” என்று சொல்லிக்கொண்டே இருக்க முடிகிறது. ஆனால் அந்த வினாவை வண்டி நம் வீட்டுக்குள் கொண்டுவந்து விடுகிறது. எங்கள் வீட்டுக்கும் கொண்டுவந்தது.

2015-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் என் தந்தையார் பெங்களூருக்கு வந்தார். அம்மா மறைந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஊரில் நாற்பதாண்டு மளிகைக் கடை நடத்தியவர்; கடையை மூடிய 2010-ஆம் ஆண்டில் தம் சேமிப்பிலிருந்து ஒரு சிறிய வெள்ளைக் கார் வாங்கியிருந்தார். வண்டி வாங்கிய அன்றே வாழ்நாள் வரியும் கட்டியாயிற்று. “இனி இதற்கு ஆயுளுக்கும் யாரும் ஒரு காசு கேட்க முடியாது” என்று அவர் பெருமையோடு சொல்வதுண்டு. அந்தக் காரையே தாமே ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் குடியிருப்பின் வாசலில் நிறுத்தினார். ‘பார்த்துப் போக வந்திருக்கிறேன்’ என்பதுதான் அவர் பக்கத்து வீட்டாரிடம் சொன்ன அறிமுகம்.

அவர் வந்த காலம் வெளிமாநில வண்டிகளுக்குக் கடுமையான காலமாய் இருந்தது. கர்நாடக அரசு 2014-ஆம் ஆண்டில் தன் வரிச் சட்டத்தைத் திருத்தி, வெளிமாநில வண்டி முப்பது நாளுக்கு மேல் இங்கே இருந்தால் வாழ்நாள் வரி கட்ட வேண்டும் என்று விதித்திருந்தது. நடுவணரசின் சட்டம் பன்னிரண்டு மாதம் பொறுக்கும். மாநிலத்தின் சட்டம் முப்பது நாள்தான் பொறுக்கும். நகரில் ஆங்காங்கே வெளிமாநில எழுத்து தாங்கிய வண்டிகளை நிறுத்திச் சோதித்தனர். வேலைக்காக இங்கு வந்திருந்த இளைஞர் பலர், எல்லை கடந்த நாளுக்குச் சான்றாக அத்திப்பள்ளிச் சுங்கச் சாவடியின் சிறு சீட்டைக் காரின் முன்னறையில் பத்திரப்படுத்தி வைத்தனர். அப்பாவும் மாதம் ஒரு முறை ஓசூர் வரை சென்று, ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பினார். எங்கே போனீர்கள் என்று கேட்டால், “என் மண்ணை மிதித்துவிட்டு வந்தேன்” என்பார். உண்மையில் அவர் புதிய சீட்டு வாங்கி வந்தார். இரண்டும் உண்மைதான் என்று இப்போது தோன்றுகிறது.

2016-இல் அத்திருத்தம் செல்லாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாத ஓசூர்ப் பயணம் அத்தோடு நின்றது. ஆனால் பன்னிரண்டு மாத வரம்பு அப்படியே இருந்தது, ஜூன் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் விதியை எடுத்துச் சொன்னேன். மூன்று வழிகள் இருந்தன. வண்டியை ஊருக்கே கொண்டுபோய் விடலாம். அங்கே ஓட்டுவதற்கு ஆள் இல்லை. விற்றுவிடலாம், அதற்கு அவர் மனம் இசையவில்லை. இங்கேயே மறுபதிவு செய்யலாம். அதற்கு வண்டிக்காரரின் விலாசம் பெங்களூரில் இருக்க வேண்டும்.

அப்பா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “வண்டிக்கு விலாசம் மாத்தணும்னா எனக்கும் மாத்தணுமா, தம்பி?” என்று கேட்டார்.

அதுதான் வினா. ஆதார் அட்டையில் ஊர் விலாசம். வாக்காளர் பட்டியலில் ஊர்ப் பெயர். ரேஷன் அட்டை அங்கே. அம்மாவின் பெயரும் அந்த ரேஷன் அட்டையில்தான் இருந்தது, இன்னும் நீக்கப்படாமல். வண்டியை என் பெயருக்கு மாற்றிவிட்டால் அவர் விலாசத்தைத் தொட வேண்டியதில்லை என்று நான் சொன்னேன். அதற்கு 29, 30 எண் படிவங்கள் உண்டு. விற்றவர் ஓரிடத்திலும் வாங்கியவர் ஓரிடத்திலும் கையெழுத்திட வேண்டும். அவர் படிவத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். “மகனுக்கு விற்றேன்னு எழுதணுமா?” என்று கேட்டுவிட்டு மடித்து வைத்துவிட்டார்.

பத்து நாள் அந்தப் பேச்சே எழவில்லை. பதினோராம் நாள் காலையில் அவரே வந்து, விலாசம் மாற்றுவதற்கு எங்கே போக வேண்டும் என்று கேட்டார். ஏன் மனம் மாறினார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வண்டிக்காக என்றுதான் சொல்லியிருப்பார்.

மறுபதிவு என்பது இரண்டு ஊர்களில் நடக்கும் வேலை. முதலில், வண்டி பதிவான அலுவலகத்தில் 28-ஆம் எண் படிவத்தில் தடையில்லாச் சான்று கேட்க வேண்டும். சட்டத்தின் 48-ஆம் பிரிவு இதை விளக்குகிறது. அலுவலகம், வண்டி களவு போனதாக வழக்கு ஏதும் உண்டா என்று காவல் துறையிடம் எழுத்தில் அறிக்கை பெற வேண்டும். வரி பாக்கி இல்லை என்று பார்க்க வேண்டும். வங்கிக் கடன் இருந்தால் கடன் கொடுத்தவரின் இசைவும் வேண்டும். முப்பது நாளுக்குள் தந்தோம், இல்லை என்று மறுமொழி வராவிட்டால், தந்ததாகவே கொள்ளலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இந்தக் கடைசி வாசகத்தை நம்மவர் பலர் அறியார். விண்ணப்பம் கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டைக் கைவிடாமல் வைத்திருந்தால் அதுவே ஒரு காவல். எங்களுக்குச் சான்று முப்பது நாளுக்குள் வந்துவிட்டதால் அந்தக் காவல் தேவைப்படவில்லை.

அடுத்தது இங்கே. 27-ஆம் எண் படிவம், தடையில்லாச் சான்று, காப்பீடு, புகைச் சான்று இவற்றோடு வண்டியை ஆய்வாளர் முன் நிறுத்த வேண்டும். நம் ஊரில் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்று பழைய தலைமுறையார் வழங்கும் அதே அலுவலர்தாம். சொந்தக் காருக்கு இந்த ஆய்வு நீண்டதன்று. விளக்கு எரிகிறதா, ஒலிப்பான் ஒலிக்கிறதா என்பதைவிட, ஏட்டில் உள்ள வண்டியும் எதிரில் நிற்கும் வண்டியும் ஒன்றா என்பதே இதில் முதன்மை. அதற்கு அடையாளம் சேசிஸ் எண். தூசியைத் துணியால் துடைத்து, இரும்பில் வெட்டிய அந்த எண்ணின்மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எழுத்துகள் ஒவ்வொன்றாய்த் தாளில் எழும். சிறுவயதில் காலணாவின்மேல் காகிதம் வைத்துத் தேய்த்து விளையாடியதைப் போன்ற வேலை. அப்பா அதை வேறொருவரிடம் விடாமல் தாமே குனிந்து எடுத்தார். இரண்டு தாள் கிழிந்தன. மூன்றாவது சரியாய் வந்தது.

ஆய்வாளர் அந்தத் தாளையும் சான்றிதழையும் ஒப்பிட்டுப் பார்த்தார். அப்பா, தமக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில், பலகை எண்ணை மாற்றுகிறீர்களே, இந்த எண்ணை மாற்றமாட்டீர்களா என்று வேடிக்கையாகக் கேட்டார். ஆய்வாளர் சிரிக்காமல், “அதை மாற்றினால்தான் ஐயா குற்றம்” என்று கன்னடத்தில் விடை சொல்லிக் கையெழுத்திட்டார். சட்டப்படி அவர் சொன்னது சரி. எத்தனை மாநிலம் மாறினாலும் பதிவெண்தான் மாறும். சேசிஸ் எண் வண்டி பிறந்த இடத்தில் பொறித்தபடியே இருக்கும்.

பிறகு வந்தது வரி. வாழ்நாளுக்கு என்று ஒருமுறை கட்டிய வண்டிக்கு மீண்டும் வாழ்நாள் வரி. பழைய வண்டி என்பதால் வயதுக்கேற்பக் கழிவு உண்டு. இருந்தாலும் ஓய்வு பெற்றவருக்கு அது சிறிய தொகை அன்று. இன்று புதிதாய் வாங்கும் கார்களுக்கு இந்த வரி எவ்வளவு என்பதைப் பார்த்தால் சுமையின் அளவு விளங்கும். தமிழ்நாடு 2023 நவம்பரில் திருத்தியமைத்த பட்டியலில், வண்டி விலைக்கேற்ப 12 விழுக்காடு முதல் 20 விழுக்காடு வரை ஏறுகிறது. பத்து லட்சம் ரூபாய்க் கார் ஒன்றை வாங்குபவர் லட்சத்துக்கு மேற்பட்ட தொகையை வரியாகவே கட்டுகிறார். ஈராண்டில் வேலை மாறி வேறு மாநிலம் போக நேர்ந்தால், அங்கே மீண்டும் கட்ட வேண்டும்.

முதலில் கட்டிய மாநிலத்திடமிருந்து எஞ்சிய காலத்துக்கான தொகையைத் திரும்பப் பெறலாம் என்பது உண்மைதான். ஆனால் முறையைக் கவனியுங்கள்: புதிய இடத்தில் முழுதும் கட்டி, புதிய பதிவுச் சான்று பெற்று, அதன் நகலைப் பழைய அலுவலகத்துக்குக் கொடுத்த பின்னரே திருப்பித் தரும் பேச்சு தொடங்கும். கட்டுவதற்கு ஒரு நாள். பெறுவதற்கு எத்தனை நாள் என்று எந்தப் பலகையும் சொல்வதில்லை. எங்கள் தொகை வர ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. இரண்டு முறை ஊருக்குப் போய்வந்த செலவைக் கழித்தால் மிஞ்சியது சொற்பம். ஊருக்குப் போய்வர வசதி இல்லாதவர், அல்லது அலைய மனம் இல்லாதவர், அந்தப் பணத்தை விட்டுவிடுகின்றனர்.

எனக்கு மனக்குறை இருப்பது இந்த இடத்தில்தான். பன்னிரண்டு மாதம் கழித்து ‘நீ இங்கே இருக்கப் போகிறாயா?’ என்று சட்டம் கேட்பதில் எனக்குக் குறையில்லை. நாம் ஓடுகிற சாலை இவ்வூர்ச் சாலை. அதைப் பேணும் பொறுப்பில் பங்கு கேட்பது முறைதான். ஓராண்டு அவகாசம் தந்து கேட்கும் சட்டத்தைக் கடுமையானது என்றும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வண்டிக்கு ஒரே ஆயுள். அந்த ஆயுளுக்கு ஒரு மாநிலம் வாங்கிய தொகையில் எஞ்சியதை, வண்டி குடியேறிய மாநிலத்துக்கு அம்மாநிலமே அனுப்பிவைத்தால் என்ன? பதிவேடுகள் இப்போது கணினியில் ஒரே தளத்தில் இருக்கின்றன. 2021 பிப்ரவரி முதல் சுங்கச் சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமாகி, வண்டி கடந்த கணத்தில் பணம் வங்கிக் கணக்கிலிருந்து போய்ச் சேருகிறது. நம்மிடமிருந்து அரசுக்கு நொடியில் செல்லும் பணம், அரசிலிருந்து அரசுக்குச் செல்ல மட்டும் குடிமகன் காகிதம் சுமந்து நடக்க வேண்டியிருக்கிறது.

இக்குறையை நடுவணரசு உணராமல் இல்லை. 2021 செப்டம்பர் 15 முதல் ‘பாரத்’ வரிசை என்ற பி.ஹெச். பதிவெண் வந்தது. அதில் மாநில எழுத்து கிடையாது. வரி வாழ்நாளுக்கு அன்று; இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கட்டினால் போதும். மாநிலம் மாறினாலும் எண் மாறாது. 2022 இறுதியில் பழைய வண்டிகளையும் அவ்வரிசைக்கு மாற்றிக்கொள்ள வழி செய்தனர். நல்ல ஏற்பாடு, ஆனால் வாயில் குறுகியது. படையினர், அரசு ஊழியர், பொதுத்துறை ஊழியர், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர் ஆகியோருக்கே அது கிட்டும். மளிகைக் கடைக்காரருக்கும், தையற்காரருக்கும், சிறு பட்டறையில் வேலை பார்ப்பவருக்கும், பிள்ளை வீட்டுக்கு வந்து தங்கும் முதியவருக்கும் அதில் இடமில்லை. அடிக்கடி மாற்றலாகிப் போவோரை எண்ணி அமைத்த விதி அது. வாழ்க்கை மாறி இடம்பெயர்வோரை எண்ணவில்லை. வெளிமாநிலத் தமிழருள் பின்னவரே மிகுதி.

அப்பாவின் காருக்குக் கே.ஏ. எழுத்து வந்த நாளில் பழைய பலகையைக் கழற்றிய மெக்கானிக் அதைக் குப்பையில் போடப் போனார். அப்பா வாங்கி, செய்தித்தாளில் சுற்றி வைத்துக்கொண்டார். அது இன்று எங்கே இருக்கிறதென்று நான் தேடிப் பார்த்ததில்லை. அந்த ஆண்டின் கடைசியில் அவர் இங்கே வாக்காளர் பட்டியலிலும் பெயர் சேர்த்தார். நான் கேட்டுக்கொள்ளாமலே சேர்த்தார். அம்மாவின் பெயரை ஊர் ரேஷன் அட்டையிலிருந்து நீக்கும் விண்ணப்பத்தையும் அவரே எழுதினார். பக்கத்து வீட்டாரிடம் ‘பார்த்துப் போக வந்திருக்கிறேன்’ என்று சொல்வது அதன்பின் நின்றுவிட்டது. 2025-இல் காருக்குப் பதினைந்து ஆண்டு நிறைந்தது. பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்ததால் மீண்டும் ஓர் ஆய்வு. 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாக உயர்ந்த புதுப்பிப்புக் கட்டணம். மேலும் ஐந்தாண்டு ஓடலாம் என்று அனுமதி. அப்பா இப்போது ஓட்டுவதில்லை. பக்கத்து இருக்கையில் அமர்ந்து எனக்கு வழி சொல்கிறார், பெங்களூரின் தெருக்களை என்னைவிட நன்றாக அறிந்தவராக.

புதிதாக இங்கே வந்து சேரும் தமிழ்க் குடும்பங்களுக்கு நான் சொல்ல விரும்புவன சிலவே. எல்லை கடந்த நாளைக் குறித்து வையுங்கள். சுங்கக் கட்டணம் சென்ற விவரத்தை ஃபாஸ்டேக் கணக்கிலிருந்து எடுத்து வையுங்கள். பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று, முதலில் வரி கட்டிய ரசீது ஆகியவற்றின் நகல்களை ஓர் உறையில் சேருங்கள். வரி ரசீது இல்லாமல் திரும்பப் பெறுவது மிகக் கடினம். ஓராண்டுக்குள் போய்விடுவீர்கள் என்றால் எதுவும் செய்ய வேண்டியதில்லை. யாரேனும் மறித்தால் 46, 47-ஆம் பிரிவுகளை அமைதியாக எடுத்துச் சொல்லலாம். தங்கப் போகிறீர்கள் என்றால், பத்தாம் மாதத்திலேயே தடையில்லாச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். வண்டி பெற்றோர் பெயரில் இருந்தால், படிவத்தை அவர்கள் முன் வைப்பதற்கு முன்பு சற்று நேரம் அவர்களோடு பேசுங்கள். அந்தப் படிவம் கேட்பது வண்டியைப் பற்றி மட்டும் அன்று.

நம் சங்கம் இசை விழாவும் பட்டிமன்றமும் நடத்துவதோடு, ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் இத்தகைய படிவங்களை நிரப்ப உதவும் மேசை ஒன்றையும் போடலாம் என்பது என் விருப்பம். கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்த நம் இளைஞர் பலர் இருக்கின்றனர். 27, 28 எண் படிவங்களும், ஒரு பென்சிலும், சில மெல்லிய தாள்களும் இருந்தால் போதும். முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மேசையில் உட்கார என் தந்தையார் ஒப்புக்கொண்டிருக்கிறார்.